கருணை வேறு, உரிமை வேறு!



வேலை போகாது என்று முதலாளி வாய்மொழியாகச் சொன்ன உறுதியை நம்பி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்த ஒரு பெருங்கூட்டத்தின் கதையை இன்று எண்ணிப் பார்ப்போம். கதை அமெரிக்க நாட்டிலே நடந்தது. பாடமோ நமக்கும் உரியது.

ஐ.பி.எம். என்ற பெயரை அறியாதார் இலர். 1911-ல் வேறு பெயரில் தோன்றி, 1924-ல் இந்தப் பெயர் பூண்டு, பின்னாளில் கணினி உலகின் முடிசூடா மன்னனாக வீற்றிருந்த நிறுவனம் அது. 1930-களில் பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பிடித்தாட்டியபோது, ஆலைக் கதவுகள் அடைபட்டன. ஒரு துண்டு ரொட்டிக்காக மக்கள் வரிசையில் நின்றனர். அந்நாளிலும் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் ஆலையை மூடவில்லை. வாங்குவார் குறைந்தபோதும் இயந்திரங்களைச் செய்து கிடங்கிலே அடுக்கினார். 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கான தொழிலாளரின் கணக்கை எழுதிவைக்க அரசுக்கு இயந்திரம் தேவைப்பட்டது. கிடங்கு காலியாயிற்று, கல்லா நிரம்பிற்று!

நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்குபவர்கள் அல்லர். ஆட்குறைப்பு இல்லை என்பது அந்த நிறுவனத்தின் வேதமாகவே அறுபது ஆண்டுகள் நிலைத்தது. ஊழியரும் உள்ளம் பூரித்தனர். நிறுவனத்தின் புகழ் பாடுவதற்கென்றே ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. கூடிய இடத்திலெல்லாம் பாடினர். தொழிற்சங்கம் வேண்டாமா என்று கேட்டவருக்கு, ‘எங்களுக்கு எதற்கு?’ என்ற புன்னகையே விடையாகக் கிடைத்தது.

ஆனால், தோழர்களே, அந்த வேதம் எந்தச் சட்டத்திலே எழுதப்பட்டது? எந்த ஒப்பந்தத்திலே கையெழுத்தாயிற்று? எதிலும் இல்லை! அது முதலாளியின் மனத்திலே இருந்தது. மனமோ இலாபத்தின் நிழலிலே இருந்தது.

1993-ல் ஐ.பி.எம். சுமார் 800 கோடி டாலர் நட்டம் கண்டது. லூ கெர்ஸ்ட்னர் புதிய தலைவராக வந்தார். அறுபது ஆண்டு வேதம் அவ்வாண்டே கிழிந்தது. 1980-களின் நடுவிலே 4 இலட்சம் பேருக்கு வேலை தந்த நிறுவனத்தில், 1994 முடிவிலே எஞ்சியவர் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர். ஹட்சன் ஆற்றங்கரையிலே, அந்த நிறுவனத்தையே நம்பி வளர்ந்த போகீப்சி, கிங்ஸ்டன் போன்ற ஊர்கள் கலங்கி நின்றன.

‘நட்டம் வந்தால் நிர்வாகம் வேறென்ன செய்யும்?’ என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். பழைய இயந்திரத்தை என்றென்றும் ஓட்டிக்கொண்டிரு என்று நாம் கூறவில்லை. முடிவெடுக்கும் மேசையிலே தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி உண்டா? சுமையிலே யார் பங்கு எவ்வளவு? முன்னறிவிப்பு எத்தனை நாள்? இழப்பீடு எவ்வளவு? புதிய தொழில் கற்றுத் தருவார் யார்? இவையே நம் கேள்விகள். கருணையை நம்பியவனுக்கு இவற்றைக் கேட்கும் வாய் இல்லை; உரிமை பெற்றவனுக்கு உண்டு.

உரிமையின் ஒரு துளிச் சுவையையும் அவர்கள் கண்டார்கள். 1999-ல் ஓய்வூதியத் திட்டத்தை நிர்வாகம் மாற்றியது. எதிர்பார்த்த தொகை குறையும் என்று கண்ட நடுத்தர வயதினர் கொதித்தெழுந்தனர், ஒன்றுகூடினர், சட்டமன்றத்தாரிடம் முறையிட்டனர். நிர்வாகம் ஓரளவு இறங்கி வந்தது. 40 வயதைக் கடந்து, 10 ஆண்டுகள் பணியாற்றியோர் விரும்பினால் பழைய திட்டத்திலேயே தொடரலாம் என்றது. அறுபது ஆண்டு பாட்டுப் பாடியும் கிட்டாத ஒன்று, சில மாதக் குரலால் கிட்டியது!

அவ்வாண்டே ஊழியர் அமைப்பு ஒன்றும் பிறந்தது. ஆயினும் சந்தா கட்டிச் சேர்ந்தவர் சில நூறு பேரே. ‘என் தலை தப்பும்’ என்று ஒவ்வொருவரும் எண்ணினர். 2016 சனவரியில் அந்த அமைப்பு தன் பணியை நிறுத்திக்கொண்டது. தலைகளோ தொடர்ந்து உருண்டன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரிசோர்ஸ் ஆக்‌ஷன்’. தலையைச் சீவிவிட்டு, முடி திருத்தினோம் என்பது போல!

2013 முதல் 2018 வரை மூத்த ஊழியரைக் குறைத்து இளையோருக்கு இடமளிக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லப்பட்டது என்று, அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020-ல் கண்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஆனால் 2022-ல் நீதிமன்ற ஆவணங்கள் வெளிவந்தபோது, மூத்த ஊழியரை மேலதிகாரிகள் ‘டைனோபேபி’ என்று எழுதியிருந்தது தெரிந்தது. வாழ்நாளை ஈந்தவனுக்குக் கிடைத்த பட்டம் இது!

இங்கே ஓர் எச்சரிக்கை. அங்கே ஆள் குறைந்தபோது நம் நாட்டிலே ஆள் பெருகிற்று. அமெரிக்காவைவிட இந்தியாவிலேயே அந்த நிறுவனத்துக்கு ஊழியர் அதிகம் என்று 2017-ல் அந்நாட்டு நாளேடே எழுதிற்று. அதற்காக வேலை இழந்த அமெரிக்கனுக்கும் வேலை பெற்ற நம் இளைஞனுக்கும் பகை மூட்டுவோர் உண்டு. அந்த வலையில் விழாதீர்கள். குறைந்த கூலியைத் தேடி இங்கே வந்த முதல், நாளை இன்னும் குறைந்த கூலியைத் தேடிச் செல்லும். கூலியே கேளாத இயந்திர அறிவையும் தேடிச் செல்லும். 2025 சூலையில் நம் நாட்டின் டி.சி.எஸ். நிறுவனமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்ததை மறந்துவிடலாகுமா?

நம் நாட்டுச் சட்டமோ வேலியை அகலத் திறந்துகொண்டிருக்கிறது. 100 பேர் உள்ள ஆலையும் ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி பெறவேண்டும் என்றிருந்தது. 2020-ல் இயற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. அதுவும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே. கணினி அலுவலகத்துக்கு அந்த வேலியும் இல்லை.

ஆகவே, தோழர்களே, பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளிலே பணிபுரியும் தம்பியரும் தங்கையரும் உங்கள் தெருவிலேதான் குடியிருக்கிறார்கள். கழுத்திலே தொங்கும் அடையாள அட்டை பட்டயம் அன்று, ஒரே மாலையில் செயலிழக்கக்கூடிய அட்டை என்பதை அவர்களிடம் பரிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நல்ல முதலாளி இருக்கலாம், வாட்சன் இருந்தார். ஆனால் அவர் தந்தது அவரோடும், அவர் கண்ட இலாபத்தோடும் போயிற்று. தொழிலாளர் கூடிப் பெற்றதும், எழுதி வாங்கியதும், சட்டமாக்கியதுமே நிற்கும். அதையும் காத்து நிற்கும் வரையில்தான் நிற்கும்.