முடக்குவாதம்: சட்டென்று கேட்கும் மாத்திரை போதுமா?

காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துப்போய் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லையா? அரை மணி நேரம் தாண்டியும் விறைப்பு விடாமல், வாரக்கணக்கில் தொடர்ந்தால், தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதமாக இருக்கலாம். நம் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்கும் நோய் இது.

டாக்டர் பெரும்பாலும் இரண்டு வகை மாத்திரைகள் தருவார். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டீராய்டு: சில நாள்களிலேயே வலி குறையும். 'இது ஒன்றே போதுமே' என்று தோன்றும். ஆனால், மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், முகம் உப்பும். அதற்காகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்: பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். 'ஒண்ணும் கேக்கலையே' என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். மூட்டு கோணிப்போகாமல் காப்பது இந்த வகை மருந்துதான். அது வேலையைத் தொடங்கும்வரை வலியைச் சமாளிக்கத்தான் ஸ்டீராய்டு.

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பார்க்க அதேபோல இருக்கக்கூடும். எனவே, கிழமையைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? சில மாதங்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடாது; ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு.

பயாலஜிக் ஊசி: மாத்திரைகள் போதாதபோது அடலிமுமாப் போன்ற ஊசிகள் கைகொடுக்கும். செலவு அதிகம். 2014-ல் இந்தியாவிலேயே இதன் பயோசிமிலர் விற்பனைக்கு வந்தது. எனவே, விலை குறைந்த வகை உண்டா என்று கேளுங்கள். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம்.

அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்றே கேள்விகள்: 'இது வலிக்கா, நோய்க்கா? எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? என்ன டெஸ்ட், எப்போது எடுக்கணும்?' பதிலை மருந்துச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.