கடைசி அத்தியாயத்தில் ஒரு மேடை

இளையோருக்கான நாவல் ஒன்றுக்குச் சமீபத்தில் பரிசளித்த நடுவர் குழு, அந்நூலின் பெருமையாக இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறது. 16 வயதுப் பையன் ஒருவன் தான் யார் என்று தேடித் தன் சொந்தக் குரலைக் கண்டடைகிறான் என்பது ஒன்று. இத்தகைய முயற்சி தமிழில் இதற்குமுன் நடந்ததே இல்லை என்பது மற்றொன்று. சகபத்திரிகை ஒன்று இவ்விரண்டையும் வழிமொழிந்து நீண்டதொரு கட்டுரையும் பிரசுரித்திருக்கிறது. பரிசு பெற்ற ஆசிரியரிடம் நமக்கு எவ்வித விரோதமும் இல்லை. அவருடைய முதற்பகுதியில் வரும் ஊர்ச் சித்திரங்கள் கவனமாகச் செய்யப்பட்டவை. நமது ஆட்சேபமெல்லாம் நடுவர்கள் விசேஷமாகப் போற்றிய முடிவைப் பற்றியது. பள்ளி ஆண்டுவிழாவில் நாயகன் மேடையேறி, ஒலிபெருக்கியின் முன் நின்று, தன்னைப் பற்றிய உண்மையைப் பிரகடனம் செய்கிறான், அரங்கம் நிசப்தமாகிறது, பிறகு கரகோஷம் எழுகிறது. சென்ற சில வருஷங்களில் மதிப்புரைக்காக நம்மிடம் வந்த இளையோர் நாவல்களில் பெரும்பாலானவை இப்படி ஏதேனும் ஒரு மேடையில் வந்துதான் முடிகின்றன என்பதைக் கண்டபோது, இந்தக் குறையைத் தனியொரு ஆசிரியர்மேல் சுமத்துவது நியாயமாகாது என்றும், அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சித்தாந்தத்தையே விசாரிக்க வேண்டும் என்றும் நமக்குத் தோன்றிற்று.

ஒவ்வொருவருக்குள்ளும் பூரணமான ஒரு ‘தான்’ பிறவியிலேயே குடியிருக்கிறது. குடும்பமும் பள்ளியும் சமூகமும் அதன் வாயைப் பொத்தியிருக்கின்றன. பொத்திய கையை விலக்கிவிட்டால் அது தானாகவே பேசத் தொடங்கிவிடும் என்பதே அந்தச் சித்தாந்தம். ரூஸோவின் சந்ததியார் எப்போதோ சொல்லி முடித்ததை இப்போது மனநல ஆலோசனையின் பாஷையில் மறுபடியும் சொல்கிறார்கள். முற்போக்கு நாவலின் கடைசிப் பக்கத்தில் கொடியேந்தி வந்த நாயகனைச் செயற்கை என்று நிராகரித்த அதே விமர்சகர்கள், இன்று ஒலிபெருக்கி ஏந்தி வருபவனை எப்படி வரவேற்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை. 16 வயதில் ஒருவன் பேசுகிற வாக்கியங்கள் யாவும் தாயும் வாத்தியாரும் சினிமாவும் கோயிலும் கட்சியும் அவனுக்குக் கொடுத்தவை; அவற்றில் எது மெய், எது பொய் என்று பிரித்தறியும் சக்தி வருவதற்கு முன்பே, ஏதேனும் ஒன்றைச் செய்தே தீரவேண்டிய நெருக்கடி அவனுக்கு வந்துவிடுகிறது. இளையோர் நாவலுக்கு உரிய விஷயம் அந்த நெருக்கடிதான் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அந்த நெருக்கடிக்கு ஓர் உதாரணம் சொல்வோம். மார்க் ட்வெய்னின் ‘ஹக்கில்பெரி ஃபின்’ 1884இல் லண்டனிலும் மறுவருஷம் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அந்த 1885லேயே மாசசூசெட்ஸில் உள்ள கான்கார்டு நகரத்துப் பொதுநூலகக் குழு அதைத் தகாத நூலென்று விலக்கி வைத்தது. அதன் 31ஆம் அத்தியாயத்தை வாசகர்கள் ஒருமுறை நினைவுகூர வேண்டும். தப்பியோடிய அடிமையான ஜிம் எங்கே இருக்கிறான் என்பதை அவனுடைய எஜமானியான மிஸ் வாட்சனுக்குத் தெரிவித்து ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும், செய்த பாவமெல்லாம் கழுவப்பட்டுவிட்டதாக அவன் மனம் லேசாகிறது. ஆனால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தெப்பத்தில் இருவருமாகக் கழித்த இரவுகளையும், தான் தூங்கட்டும் என்று தன் காவல் முறையையும் ஜிம்மே சேர்த்துப் பார்த்ததையும், தான் மூடுபனியில் தொலைந்து மீண்டபோது ஜிம் அடைந்த ஆனந்தத்தையும் எண்ணிப் பார்க்கிறான். கடிதம் மறுபடியும் கைக்கு வருகிறது, உடல் நடுங்குகிறது, நரகத்துக்கே போவதென்று தீர்மானித்து அதைக் கிழித்துப்போடுகிறான்.

அடிமை முறை அநீதியானது என்று ஹக் அந்தக் கணத்தில் கண்டுபிடித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் கற்பித்த தர்மமே தர்மம், தான் செய்வது பாவம் என்றே அவன் மனப்பூர்வமாக நம்புகிறான். அவனுடைய இதயம் அறிந்துகொண்டதைச் சொல்ல அவனிடம் பாஷை இல்லை. அவனிடம் இருக்கும் பாஷையெல்லாம் அவனையே குற்றவாளி என்கிறது. அக்காட்சியில் கேட்பவர் ஒருவரும் இல்லை, கரகோஷமும் இல்லை. நமது பரிசு நாவல்களின் நாயகர்களோ இந்த நடுக்கத்தை அறியாதவர்கள். தன் பக்கமே நியாயம் என்பது நாயகனுக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், முதல் பக்கத்திலேயே வாசகனுக்கும் தெரிந்துவிடுகிறது; எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்றை 200 பக்கம் கடந்து அறிவிப்பதற்கு நாவல் என்ற உருவம் எதற்கு?

இனி, தமிழில் முன்மாதிரி இல்லை என்ற கூற்று. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்ற கதையை இந்த நடுவர்கள் படித்ததே இல்லையா? நாம் எழுதத் தொடங்கிய காலத்தில் அக்கதையை நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, அதன் கடைசிப் பத்தியை எட்டும்போது தொண்டை அடைத்துப்போவது வழக்கமாக இருந்தது, இப்போதும் அப்படித்தான். குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும் கதைசொல்லி, அவர்களில் இருவருக்கு மட்டும் டயரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி வற்புறுத்தி அழைக்கிறான். வந்தவரை உபசரித்த பிறகு, தானே ஒரு டயரியை எடுத்து நீட்டி, அவர் தனக்குப் பிரியத்தோடு கொடுக்கும் அன்பளிப்பு என்று அவர் கையாலேயே அதில் எழுதித்தரச் சொல்கிறான். சாரங்கன் இன்னும் சிறுவன்தான், 16 வயதை எட்டாதவன். என்றாலும், ஒரு மனிதனின் தன்னடையாளம் எங்கே பிறக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு பக்கங்கள் நமக்குத் தெரியாது. தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள அவனால் முடியாதா? முடியும். அவனுக்கு வேண்டியதெல்லாம் தான் நேசிக்கிற ஒருவர் அதை எழுதவேண்டும் என்பது. பிறர் கையெழுத்தில் தன் பெயரைக் காணத் துடிக்கும் அந்த ஏக்கத்துக்கு, தனக்குள்ளேயே தன்னைக் கண்டடையச் சொல்லும் சித்தாந்தத்தில் இடமே இல்லை. இக்கதையின் பெயர் தாங்கிய தொகுதிக்கு சாகித்திய அகாதெமி பரிசு அறிவிக்கப்பட்டது, அழகிரிசாமி மறைந்த 1970ஆம் வருஷத்துக்குத்தான்.

நாவலே வேண்டும் என்பவர்களுக்கு அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977லிருந்து காத்திருக்கிறது. சிகந்தராபாத்தில், ரயில்வே உத்தியோகஸ்தரின் மகனாக, கிரிக்கெட் ஆடிக்கொண்டும் மாட்டைத் தேடி அலைந்துகொண்டும் வளரும் சந்திரசேகரன், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நிஜாமின் சமஸ்தானத்துக்குள் நுழைந்ததை ஒட்டிய கலவரத்தில், முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அடைக்கலமாக ஓடி நுழைகிறான். அவனைக் கொல்ல வந்தவனாகவே கருதி, தன் குடும்பத்தைக் காப்பதற்காக அவ்வீட்டுப் பெண் ஒருத்தி ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் அருவருத்து, அவமானத்தில் கூசி வெளியே ஓடுகிறான். தான் யார் என்ற வினாவுக்கு அந்த வயதில் அவனுக்குக் கிடைத்த பதில், அந்தப் பெண்ணின் கண்களுக்கு அவன் யாராகத் தெரிந்தான் என்பது. இதற்கு எந்த மேடையில் ஏறி எந்தப் பிரசங்கத்தைச் செய்வது?

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அதை நாம் மதிக்கிறோம். தலைமுறை தலைமுறையாகப் பேசவே அனுமதிக்கப்படாத சாதிகளில் பிறந்தவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்திறப்பதே ஒரு சாகசம் அல்லவா என்பது அந்த ஆட்சேபம். ஆம், சாகசமே. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து மாணவி ஒருத்தி எழுதி 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல், இன்று இளையோர் புனைவின் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடக்கூடும் என்று அஞ்சிய பதிப்பகம், பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகளை மட்டுமே அட்டையில் போட்டது. இந்த அநியாயங்களை நாம் மறக்கவில்லை. ஆயினும் நம் தலித் தன்வரலாறுகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: அவற்றில் ஒலிப்பது ஒரு தனியாளின் வெற்றிப் பிரகடனம் அல்ல, தெருவின் வசவும் ஒப்பாரியும் கிழவிகளின் கேலியும் அந்தப் பக்கங்களில் சேர்ந்தே பேசுகின்றன.

இளையோர் புனைவு என்ற வகைமையின்மீதே நமக்குப் பகை என்று யாரும் கருதவேண்டாம். இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதை 2000இல் முதன்முதலாகப் பெற்ற வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ அந்த வகைமைக்குள் நின்றே எழுதப்பட்டது. ஹார்லெமைச் சேர்ந்த 16 வயது ஸ்டீவ் ஹார்மன், மருந்துக்கடைக் கொள்ளையில் நேர்ந்த ஒரு கொலையில் பங்கு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, தன் விசாரணையைத் தானே திரைக்கதையாக எழுதுகிறான். அரசுத்தரப்பு வழக்கறிஞர் அவனுக்கு இட்ட பெயரே நூலின் தலைப்பு. குற்றவாளி அல்லன் என்று தீர்ப்பாகிறது, கைகளை விரித்தபடி தன் வழக்கறிஞரைத் தழுவப் போகிறான், அவர் திரும்பிக்கொள்கிறார். தன்னிடம் அவர் எதைக் கண்டு விலகினார் என்று அறிவதற்காக, விடுதலைக்குப் பிறகும் ஸ்டீவ் தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டிருக்கிறான். தீர்ப்பால்கூட முடித்துவைக்க முடியாத ஒரு கேள்வியை இளைஞர்களிடம் நம்பி ஒப்படைத்த நாவல் அது.

நம் பதிப்பாளர்களுக்கும் பரிசுக் குழுக்களுக்கும் அந்த நம்பிக்கை இல்லை. கதை முடிந்தபின் மாணவன் எதைக் கற்றுக்கொண்டான் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிற நூலே பாடத்திட்டத்துக்கும் பரிசுக்கும் ஏற்றது என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு ஏற்றபடி எழுதித்தர ஆற்றலுள்ள இளம் எழுத்தாளர்களும் பழகிவருகிறார்கள். இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நம் வாசகர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். தத்தம் பள்ளி நூலகத்தில் ‘அன்பளிப்பு’ தொகுதியும் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் சொல்லி வாங்கி வையுங்கள். 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டு எழுதுவதை, ஒரு சொல்லும் திருத்தாமல் நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவர்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.