பேர் போடுறோம் ப்ரோ... காசு?

இருங்காட்டுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் போட்டோகிராபரின் போனுக்கு மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். "ப்ரோ, செம ஷாட் ஏதாவது இருந்தா அனுப்புங்க. கண்டிப்பா உங்க பேர் போடுறோம்." சில சமயம் கேட்பது வண்டி ஓட்டிய பையன். சில சமயம் அவனுக்கு ஸ்பான்சர் செய்த ஹெல்மெட் கடை. சில சமயம் ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரப் பிரிவு. மூவருக்கும் வார்த்தை ஒன்றுதான், பேர் போடுறோம்.

படம் எடுத்தவர் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காத ஃப்ரீலான்சர். பெட்ரோல் அவர் காசு, சாப்பாடு அவர் காசு, தோளில் தொங்கும் லென்ஸுக்கு இ.எம்.ஐ.யும் அவர்தான் கட்டுகிறார். அவருக்குக் கூலி அவருடைய பெயரையே திருப்பித் தருவது! மளிகைக் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, நல்ல அரிசின்னு ஊரெல்லாம் சொல்றேன்" என்று நடையைக் கட்டினால் அண்ணாச்சி சும்மா விடுவாரா?

"ஒரு பட்டனை அழுத்துறதுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் அந்த டிராக்கின் வளைவு ஒன்றில் வெயிலில் நின்று பார்க்கவேண்டும். மொத்த நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். சிறிய பைக்குகள் ஒரு சுற்று வர ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். ஆறு சுற்று ரேஸ் என்றால், ஒரு வளைவில் நிற்கும் போட்டோகிராபர் முன்னால் ஒரு வீரர் ஆறே ஆறு முறைதான் வருவார். முழங்கால் தரையை உரசும் அந்த நொடி கிடைக்க ஆறு வாய்ப்பு. அதில் ஒன்றில் இன்னொரு வண்டி மறைக்கும், ஒன்றில் ஃபோகஸ் பின்னால் இருக்கும் டயர் சுவருக்கு ஓடிவிடும்.

சரி, வேகமாக ஷட்டரை வைத்து எடுத்துவிடலாமே? 1/2000 நொடியில் எடுத்தால் படம் பளிச்சென்று வரும். ஆனால் சக்கரத்தின் கம்பிகூட அசையாமல் தெரியும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய வண்டி மாதிரி இருக்கும். வேகம் தெரியவேண்டுமென்றால் ஷட்டரை 1/125க்கோ இன்னும் கீழேயோ இறக்கி, வண்டியோடு சேர்ந்து இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, திரும்பும்போதே அழுத்தவேண்டும். இதைத்தான் பேனிங் என்கிறார்கள். ஹெல்மெட் கூர்மையாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழுந்தால் வெற்றி. பத்து எடுத்தால் ஒன்பது குப்பைக்குத்தான். போதாக்குறைக்கு மதியத்தில் தார் ரோட்டிலிருந்து எழும் அனல், தூரத்தில் வரும் வண்டியைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிய வைக்கும். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது. காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் காத்திருப்பதுதான் ஒரே வழி.

அந்தக் காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். ஒவ்வொரு கிளிக்கும் காசு என்று பார்ப்பவருக்கே தெரிந்தது. இப்போது டிஜிட்டல் வந்துவிட்டதால் "உங்களுக்கு என்ன செலவு?" என்று கேட்கிறார்கள்.

கணக்குப் பாடத்துக்குள் கொஞ்சம் நுழைந்து பார்த்தால் செலவு தெரியும். ஒரு கேமரா, ஒரு நீள லென்ஸ், ஒரு லேப்டாப் மூன்றும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இது ஒரு எடுத்துக்காட்டுதான், நிஜத்தில் லென்ஸ் மட்டுமே அதை விழுங்கிவிடலாம்). ஆயுள் ஐந்து வருடம். நேர்கோட்டு முறையில் வருடத் தேய்மானம் 60,000 ரூபாய். வருடத்தில் 60 நாள் வேலை கிடைத்தால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு நாளும் ஆயிரம் ரூபாய் கரைந்துவிட்டது. கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. நடுத்தர விலைக் கேமராக்களில் ஒன்றரை லட்சம் கிளிக் என்று சொல்லும் மாடல்கள் பல. ஒரு ரேஸ் வாரக்கடைசியில் 3,000 படம் எடுப்பவருக்கு ஐம்பது வாரக்கடைசிகளில் அது தீர்ந்துவிடும். ஃபிலிம் செலவு ஒழியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ரேஸ் நடப்பது சனி ஞாயிறில். முகூர்த்தங்களும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அதிகம் விழும். வளைவில் நிற்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கல்யாண ஆர்டரை விட்டுக்கொடுத்த ஞாயிறாக இருக்கலாம். வாய்ப்புச் செலவு என்று புத்தகத்தில் வரும் விஷயம் இதுதான்.

பிறகு எப்படித்தான் பிழைக்கிறார்? செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆர். பக்கம் போனால் பார்க்கலாம். அதே ஆள், அதே கேமரா. எதிரில் அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகும் ஜோடி, அல்லது மாடலிங் வாய்ப்புக்கு ஆல்பம் தேடும் இளைஞர். ஒரு பையன் வெள்ளை தெர்மோகோலைப் பிடித்துக்கொண்டு முகத்தில் வெளிச்சத்தைத் திருப்புகிறான். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் ஏறி, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழ ஆரம்பித்துவிடும். அதற்குள் வேலை முடியவேண்டும். ரேஸில் வண்டி இவருக்காக நிற்காது. இங்கே ஆள் நிற்பார், ஆனால் கேமராவைப் பார்த்ததும் மரக்கட்டை ஆகிவிடுவார். பேசிப் பேசி அவரை மறக்க வைத்து, சிரிப்பு தானாக வரும் அந்த அரை நொடியைப் பிடிக்கவேண்டும். காத்திருந்து பிடிப்பதை டிராக்கில் கற்றவருக்கு இது கைவருகிறது.

"அண்ணா, ஒரு மணி நேர வேலைதானே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று இங்கேயும் பேரம் உண்டு. ஆனாலும் கடைசியில் காசு கைக்கு வரும். வீட்டு வாடகையைக் கட்டுவது இந்தப் படங்கள்தான். ரேஸ் படங்களுக்கு மானியம் கொடுப்பதும் இவைதான்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் இதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கடற்கரையில் எடுத்த ஜோடிப் படத்தின் காப்புரிமை அந்த ஜோடிக்கு. யாரும் சொல்லாமல், தன் பெட்ரோலில் போய், தன் இஷ்டத்துக்கு எடுத்த ரேஸ் படத்துக்கோ எடுத்தவரே ஆசிரியர், அவரே உரிமையாளர். (பாஸ் வாங்கும்போது வேறு ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.) ஆக, காசு வந்த படம் அவருடையது இல்லை. அவருடைய படத்துக்குக் காசு இல்லை!

2012இல் சட்டத்தைத் திருத்தியபோது, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் என்று பாதுகாப்பை நீட்டினார்கள். உரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்கவேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. "ப்ரோ, அனுப்புங்க" என்ற மெசேஜுக்குப் படத்தை அனுப்பிவைத்ததால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. எல்லாவற்றுக்கும் மேல் 57ஆவது பிரிவு. காப்புரிமையை விற்றுவிட்டாலும்கூட, "இதை எடுத்தது நான்" என்று சொல்லும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும். அப்படியானால் "பேர் போடுறோம்" என்பது சலுகையா? ஏற்கனவே அவருக்குச் சொந்தமானதை எடுத்து அவருக்கே கூலியாக நீட்டுகிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு முதல் ஒரு வருடம் பெயர் பரவுவதே லாபம் என்பது உண்மைதான். ரேஸ் ஓட்டும் பையன்களும் எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. டயர், நுழைவுக் கட்டணம், ஒரு முறை விழுந்தால் உடையும் பாகங்கள் என்று அவனும் கடனில்தான் ஓட்டுகிறான். அவனிடம் காசு கேட்க எந்த போட்டோகிராபருக்கும் மனசு வராது, கேட்கவும் வேண்டாம். சின்ன அளவில் ஒரு படம், ஓரத்தில் பெயரோடு, அவன் அம்மாவிடம் காட்டிக்கொள்ள இலவசமாகவே கொடுக்கலாம். ஆனால் அதே படம் ஒரு பைக் விளம்பரத்திலோ ஷோரூம் பேனரிலோ ஏறும்போது விஷயம் மாறுகிறது. பேனர் அச்சடித்தவருக்குக் காசு, அதைக் கட்டியவருக்குக் காசு, டிசைன் செய்தவருக்குக் காசு. படம் எடுத்தவருக்கு மட்டும் ஒரு நன்றியா?

"யாரும் கூப்பிடலையே, அவராத்தானே போனார்" என்பார்கள். விவசாயியை யாரும் கூப்பிட்டு நெல் விதைக்கச் சொல்லவில்லை. விளைந்ததை எடுத்துக்கொள்பவர் விலை கொடுக்கிறார்.

போட்டோகிராபர்கள் மேலும் தப்பு இருக்கிறது. ஒருவர் விலை சொன்னால் பக்கத்து வளைவில் நின்றவர் அதே வீரரின் படத்தைச் சும்மா அனுப்பிவிடுகிறார். பில் புத்தகம் வைத்திருப்பவர்கள் குறைவு. எந்தப் படம், எதற்கு, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு ரூபாய் என்று நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட ஒரு தாள் போதும். கடற்கரை ஆர்டருக்கும் அதே தாளில், "மாதிரிக்காக என் பக்கத்தில் இந்தப் படங்களைப் போட்டுக்கொள்வேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சட்டப்படி அதற்கும் அந்த ஜோடியிடம் போய் அனுமதி கேட்கவேண்டும்.

அடுத்த ரேஸ் அறிவிப்பு வந்ததும் காலண்டரைப் பார்ப்பார்கள். அன்றைக்கு முகூர்த்தமாக இருந்தால், கல்யாண ஆர்டரை நண்பருக்குத் தள்ளிவிட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியை எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் விளம்பரப் பிரிவு அந்த மெசேஜை அனுப்புகிறது.