எண்ணும் எண்ணமும்

302 இப்போது 103. 420 இப்போது 318(4). 144-ஐ 163 என்று சொல்லிப் பழக வேண்டும். அம்பத்தூர், பூந்தமல்லி கோர்ட்டு வராந்தாக்களில் 2024 ஜூலை 1 முதல் ஜூனியர்கள் முணுமுணுக்கும் வாய்ப்பாடு இது. நமக்கும் அது வேண்டித்தான் இருக்கிறது. குற்றம் நடந்த தேதி அந்த ஜூலைக்கு முந்தையதென்றால் இந்தியத் தண்டனைச் சட்டம், பிந்தையதென்றால் பாரதிய நியாய சன்ஹிதா. ஒரே காலையில் இரண்டு சட்டத்திலும் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஊரார் வாயில் இருக்கும் 'நானூற்று இருபது' மட்டும் எந்த நாடாளுமன்றத்துக்கும் கட்டுப்படாது போலிருக்கிறது.

நம் சேம்பர்களுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம், 103-இன் கீழ் அரசுத் தரப்பு எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் தண்டனையைச் சொல்கிறார்கள். கொலை என்றால் என்னவென்று சொல்லும் 101 வரை போகிறவர் குறைவு. அதற்கும் முன்னால் 100 என்று ஒன்று இருக்கிறது, அங்கே 'உட்கருத்து', 'அறிந்திருத்தல்' என இரண்டு மனநிலைகள் தனித்தனியாக நிற்கின்றன என்று எடுத்துச் சொல்கிறவர் அதிலும் குறைவு. பிழை அவர்களுடையதல்ல. கடந்த இரண்டு ஆண்டுகளாக நாம் நடத்திய பயிற்சி வகுப்புகளே எண் மாற்ற அட்டவணையைத் தாண்டவில்லை.

குற்றமனம் என்பதைச் சொல்லிக்கொடுக்க லண்டன் தீர்ப்புகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் 41 பேர். 12 பேர் இறந்துவிட்டனர், மூவர் தலைமறைவு. எஞ்சிய 26 பேருக்கும் பூந்தமல்லி தடா தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று தூக்குத் தண்டனை விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி அளித்த தீர்ப்பில் நால்வருக்குத் தூக்கு உறுதியானது. மூவருக்கு ஆயுள். மீதி 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். அடைக்கலம் கொடுத்தது, கடவுச்சீட்டு விதியை மீறியது போன்ற சிறு குற்றங்கள் சிலர்மீது நின்றன; அவற்றுக்கான தண்டனைக் காலத்தை அவர்கள் சிறையிலேயே கழித்து முடித்திருந்தார்கள்.

26 தூக்கு நான்காகக் குறைந்தது ஏதோ கருணையால் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. 19 பேர் வெளியே வந்தது சதி என்ற சொல்லின் இலக்கணத்தால். சதிகாரர்களோடு பழகியது போதாது. சதி நடப்பது தெரிந்திருந்தாலும்கூடப் போதாது. அந்தக் குற்றத்தைச் செய்வதென்ற உடன்பாட்டில் அந்த எதிரியும் ஒரு பங்காளி என்று காட்ட வேண்டும். கொலைக்குப் பிறகு வீட்டில் இடம் கொடுத்தவர் அடைக்கலக் குற்றவாளி ஆகலாம், சதிகாரர் ஆகிவிட மாட்டார். பழைய 120ஏ, 120பி இரண்டும் இன்று 61-ஆக ஒன்று சேர்ந்திருக்கின்றன. 'பொது நோக்கத்தோடு' உடன்படுவது என்ற சொற்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தச் சொற்கள் எதையேனும் மாற்றினவா, முன்பே இருந்ததை உரக்கச் சொல்கின்றனவா என்பதை விசாரணை நீதிமன்றங்களில் கிளப்ப வேண்டியது நாம்தான். எண் மாற்ற அட்டவணை இதைக் காட்டாது.

அதே வழக்கில் இன்னொரு மனமும் இருக்கிறது. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன்மீது சொல்லப்பட்டவற்றில் முக்கியமானது, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தது. பேட்டரி வாங்குவது யாரும் செய்யும் காரியம். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அவரது ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். ஒரே ஒரு வாக்கியம். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானது அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ், ஆளுநரின் காலதாமதத்தை முன்வைத்து, குற்றத்தீர்ப்பு ரத்தாகவில்லை. இதை மாணவர்கள் குழப்பிக்கொள்வதை நேர்காணல்களில் பார்க்கிறோம். காவல் அதிகாரியிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு (இன்று சாக்ஷிய அதிநியத்தின் 23) எதற்காக இருக்கிறது என்று விளக்க, எழுதாமல் விட்ட அந்த வாக்கியத்தைவிடப் பொருத்தமான பாடம் நமக்குக் கிடைக்காது. தடாவின் 15-ஆம் பிரிவு அந்தத் தடுப்பை விலக்கிவைத்திருந்தது.

இவ்வளவு பெரிய வழக்கு வேண்டாம் என்றால் தொழிற்பேட்டைக்கு வருவோம். அம்பத்தூரில் ஒரு பிரஸ் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் அடிக்கடி வேலையைத் தடுக்கிறது என்று முதலாளியே அதன் வயரைக் கழற்றி வைக்கச் சொல்கிறார். மேஸ்திரி, 'ஆபத்துங்க சார்' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது வாரம் ஒரு தொழிலாளி இறக்கிறார். ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை 106(1)-இல் பதிவாகும், கவனக்குறைவு. பழைய 304ஏ-வுக்கு இரண்டு ஆண்டு, இப்போது ஐந்து ஆண்டு வரை. ஆனால் மேஸ்திரி சொன்ன அந்த இரண்டு முறையும் நிரூபணமானால், இது கவனக்குறைவா, மரணம் நேரக்கூடும் என்ற அறிவா? அறிவென்றால் 105. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை போபால் சொல்லும்: 1996-இல் கேசுப் மகேந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை 304 இரண்டாம் பகுதியிலிருந்து 304ஏ-வுக்கு இறக்கியது. எதிரிக்காக நிற்கும் வக்கீலும், இறந்தவர் குடும்பத்துக்காக நிற்கும் வக்கீலும் மேஸ்திரியின் குறுக்கு விசாரணையில் சண்டை போடுவது அந்தக் கோட்டுக்காகத்தான்.

கடைசியாக, நமக்கே இன்னும் பதில் பிடிபடாத ஒன்று. 1999 தீர்ப்பு தடா குற்றத்தையே நீக்கியது. தடாவின் 3-ஆம் பிரிவு, அரசைப் பணிய வைக்கும் அல்லது மக்களிடம் பீதியை உண்டாக்கும் 'உட்கருத்தோடு' செய்த செயல் என்றது. கொலையாளிகளின் நோக்கம் ஒரு தனிமனிதரைப் பழிவாங்குவது. அரசை மிரட்டுவது நோக்கமாக இருந்ததாக நிரூபணமில்லை என்றது நீதிமன்றம். உலகையே உலுக்கிய ஒரு குண்டு, சட்டத்தின் கணக்கில் பயங்கரவாதச் செயல் ஆகவில்லை, உட்கருத்து என்ற ஒற்றைச் சொல்லால். இன்று சன்ஹிதாவின் 113-ஐ எடுத்துப் பாருங்கள். 'பீதியை உண்டாக்கும் உட்கருத்தோடு' என்பதை அடுத்து, 'அல்லது உண்டாக்கக்கூடிய' என்று இருக்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 15-இலிருந்து அப்படியே வந்த சொற்கள் அவை. உட்கருத்து இல்லாவிட்டாலும் விளைவின் சாத்தியமே போதும் என்று அரசுத் தரப்பு நிச்சயம் வாதிடும். அந்த 'அல்லது' 1991-இல் தடாவில் இருந்திருந்தால் பூந்தமல்லித் தீர்ப்பின் தடா பகுதி உச்ச நீதிமன்றத்தில் நின்றிருக்குமா? அடுத்த முறை ஜூனியர் ஒருவர் உங்கள் மேஜைமுன் வந்து 302-க்குப் புது எண் என்ன என்று கேட்டால், இதைக் கேட்டுப் பாருங்கள்.