ஒரே ஒரு வாட்... உலகமே கேட்டது!

பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு தெரியுமா? பேர்தான் ஜீரோ, இழுக்கிறது பத்து வாட்டுக்கு மேல. ஆனா 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்-1 இருக்கே, அதோட டிரான்ஸ்மிட்டர் பவர் வெறும் 1 வாட். அதை வீட்டு மாடியில் ஏரியல் கட்டியிருந்த ஹாம் ரேடியோ ஆசாமிகள்கூட உலகம் பூரா கேட்டாங்க. எப்படி?

ஃப்ரீக்வென்சிதான் விஷயம். 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ். முதலாவது ஷார்ட்வேவ் ரிசீவர்களுக்கு எட்டுகிற இடம். அதோட, ‘ரேடியோ’ என்ற சோவியத் பத்திரிகை முன்கூட்டியே இதை அச்சடிச்சும் கொடுத்துடுச்சு! அமெரிக்காவோ 108 மெகாஹெர்ட்ஸுக்காக ‘மினிட்ராக்’ ஸ்டேஷன்களை அமைச்சுட்டிருந்தது. பீப் சத்தம் வந்ததும் அங்கே அவசர அவசரமா ரிப்பேர் வேலை.

வெறும் விளம்பரம்னு நினைச்சுடாதீங்க. வளிமண்டலத்தின் அயனி மண்டலம் ரேடியோ அலையை வளைக்கும். குறைந்த ஃப்ரீக்வென்சியை அதிகமாவே வளைக்கும். ரெண்டு ஃப்ரீக்வென்சியில் அனுப்பினா, ஒப்பிட்டுப் பார்த்து மேலே என்ன இருக்குன்னு கணக்குப் போடலாம்.

டிசைனைப் பாருங்க. எல்லாமே வால்வு சர்க்யூட், 3.5 கிலோ. மொத்த எடை 83.6 கிலோவில் 51 கிலோ சில்வர்-ஜிங்க் பேட்டரிதான்! ஒரு ஃப்ரீக்வென்சி சுமார் 0.3 செகண்ட் பேசும். அது வாயை மூடினதும் அடுத்தது பேசும். உள்ளே வெப்பமோ அழுத்தமோ எல்லை தாண்டினா பீப்போட நீளம் மாறிடும். தனியா டெலிமெட்ரி பெட்டியே கிடையாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இதுதான்.

முதலில் போட்ட பிளான் வேற. ஒரு டன்னுக்கு மேல எடையில் ஏகப்பட்ட கருவிகளோட ஒரு செயற்கைக்கோள். லேட் ஆகிட்டே போக, கொரொல்யோவ் டீம் இந்த எளிய உருண்டையை முன்னாடி அனுப்பிடுச்சு. அந்தப் பெரியவர் 1958-ல்தான் ஸ்புட்னிக்-3 ஆகப் போனார். (ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல தினம் ஒரு மாட்யூல் சேர்க்கிற மக்களே, கவனிக்கிறீங்களா?)

இதுல ஒரு எக்ஸ்ட்ரா லாபம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அப்ளைடு ஃபிசிக்ஸ் லேபில் கையர், வைஃபென்பாக்னு ரெண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்த பீப்பை ரெக்கார்ட் பண்ணாங்க. ரயில் ஹாரன் கிட்ட வரும்போது கீச்சுன்னும், தாண்டினதும் கம்மலாவும் கேட்குமே, அந்த டாப்ளர் மாற்றத்தை வச்சே கோளோட பாதையைக் கண்டுபிடிச்சாங்க. 1958-ல் அதே லேபின் ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: கோள் எங்கே இருக்குன்னு தெரிஞ்சா, கேட்கிறவன் எங்கே இருக்கான்னு சொல்லலாமே! அதுதான் ‘டிரான்ஸிட்’, ஜி.பி.எஸ்-ஸுக்கு அண்ணன்.

ஸ்புட்னிக் குரல் மூணு வாரத்தில் நின்னுபோச்சு, பேட்டரி காலி. 1958 மார்ச் 17-ல் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு-1, ஒன்றரை கிலோகூட இல்லை. பேட்டரியில் ஓடுற ஒரு டிரான்ஸ்மிட்டர் 10 மில்லிவாட். சோலார் செல்லில் ஓடுற இன்னொண்ணு வெறும் 5 மில்லிவாட். ஆக, ஃப்ரீக்வென்சிக்கு என் ஓட்டு ரஷ்யாவுக்கு, பவர் சப்ளைக்கு அமெரிக்காவுக்கு. அந்த 5 மில்லிவாட் குரல் 1964 வரைக்கும் கேட்டுச்சு. ஆள் இன்னும் மேலதான் சுத்திட்டிருக்கார், சத்தமே இல்லாம.