படங்கள் ஆயிரம், மனிதர் எத்தனை பேர்?

மூச்சுத் திணறலோடு நடுநிசியில் கொண்டுவரப்பட்ட ஒருவரின் மார்பில் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியின் முனையை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கும் வைத்தியருக்கு, சுவாசகோசத்தின் உருவம் திரையில் தெரிவதில்லை. காற்று நிறைந்த அவ்வுறுப்பு ஒலியலையை உட்புகவிடாமல் திருப்பி அனுப்பிவிடுவதால், அவர் காண்பதெல்லாம் எதிரொலி வரைந்த கோடுகளே. சுவாசகோசத்தின் உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகர, அதன் கீழே சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் படிந்திருந்தால் அவ்விடத்தில் காற்று செவ்வையாக நிறைந்திருக்கிறதென்றும், ஓட்டுக் கூரையின் இடுக்கில் இறங்கும் வெயிற்கற்றையைப்போல் மூன்றோ அதற்கு மேலோ நெடுங்கோடுகள் திரையின் அடிவரை பாய்ந்தால் நீரோ அழற்சியோ சேர்ந்திருக்கக்கூடுமென்றும் அனுபவஸ்தர்கள் அநுமானிக்கிறார்கள். பிரெஞ்சு வைத்தியர் டானியல் லிக்டன்ஸ்டைன் இவ்வடையாளங்களை முறைப்படுத்தி, 260 நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்குக் காரணத்தைச் சரியாக நிர்ணயிக்க முடிந்ததென்று 2008இல் நிரூபித்துக் காட்டினார்.

ஆனால், இக்கோடுகளைப் பிழையற வாசிக்கும் கண் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, படங்களைக் காட்டிக் கணினியையே பழக்கும் ஆழ்கற்றல் முறை இத்துறையில் புகுந்திருப்பதை மனப்பூர்வமாக வரவேற்கிறேன். கொரோனா இத்தாலியை உலுக்கிய 2020இல், ட்ரென்டோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் காட்சிகளைத் திரட்டி, பாதிப்பின் கடுமையை 0 முதல் 3 வரை மதிப்பிடக் கணினிக்குக் கற்பித்தார்கள். திரட்டிய படங்கள் 58,924. அவ்வளவும் 35 பேருடைய மார்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

இவ்விரண்டு எண்களின் இடைவெளியில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஒருவரின் சில விநாடிக் காட்சியே நூற்றுக்கணக்கான படங்களாகப் பிரிகிறது. அவற்றில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைப் பரீட்சைக்கும் வைத்தால், கணினி நோயை விட்டுவிட்டு அந்த மனிதரின் விலாவமைப்பையும் அந்தக் கருவியின் ஒளியளவையும் அடையாளங்கண்டு, வினாத்தாளை முன்னரே பார்த்துவிட்ட மாணாக்கனைப்போல் முழு மதிப்பெண் பெற்றுவிடும். பயிற்சிக்குரிய நோயாளிகளையும் பரீட்சைக்குரியவர்களையும் வேறுவேறாக வைத்த ட்ரென்டோ ஆராய்ச்சியாளர்களின் விவேகம், இத்துறையின் கட்டாய விதியாக வேண்டும்.

மேலும், அந்த நெடுங்கோடுகள் இருதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் தோன்றும். கிருமியால் அழற்சி கண்டாலும் தோன்றும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஜுரம் உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பக்கத்தில் நின்று கேட்டறியும் வைத்தியர் இல்லாமல், கோடுகளை எண்ணிய கணக்கு மாத்திரம் நோய் நிர்ணயமாகிவிடாது.

ஆகையால், இத்தகைய கணினிக் கருவிகளை வாங்க முன்வரும் அரசாங்கமும் ஆஸ்பத்திரியும், எத்தனை படங்களில் பழக்கினீர்கள் என்று கேட்டுத் திருப்தியடையலாகாது. கணினி முன்பின் கண்டிராத எத்தனை நோயாளிகளிடம், எத்தனை ஊர்களில், எத்தனை வகை ஸ்கேன் கருவிகளில் சோதித்தீர்கள் என்று கேட்க வேண்டும். நடுநிசியில் மூச்சுக்குத் தவித்து வந்து சேரும் நோயாளி, கணினிக்கு எப்போதும் புதியவர்.