நான்கு நாட்டு ஆய்வு வீணல்ல

சுமத்ராவில் தீ பற்றினால் புகை பினாங்கின் சுங்கை பாக்காப் வரை வருகிறது. 2015லும் 2019லும் பினாங்கு மூச்சுத் திணறியது. இதற்கு மலேசியாவும் இந்தோனேசியாவும் கூட்டாக ஆய்வு நடத்தவேண்டும் என்றால், "பல நாடு சேர்ந்தால் கூட்டம்தான் பெருகும், பலன் இராது" என்கிறார் நண்பர். சான்றாக அவர் காட்டுவது, வீட்டுச் சமையல் புகை பற்றிய ஹேப்பின் (HAPIN) ஆய்வை.

அதையே எடுத்துக்கொள்வோம். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம்; பொறுப்பு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் இலவச எரிவாயுவும் கொடுத்தார்கள். மற்றவர்கள் விறகு போன்றவற்றில் சமைத்தார்கள். குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் முடிவு வந்தது.

இது எப்படித் தோல்வி ஆகும்? விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம்; எரிவாயு வீட்டில் 24. புகை உண்மையாகவே குறைந்தது என்று அளந்து காட்டியதால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது. ஒரே மாவட்டத்தில் செய்திருந்தால், "அங்கே நிலைமை வேறு" என்று தள்ளியிருப்பார்கள். நான்கு நாட்டிலும் ஒரே நெறிமுறை, அதுவும் கொரோனா காலத்தைக் கடந்து! அந்த நிர்வாக உழைப்பை நண்பர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பணமும் தலைமையும் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தது உண்மையான குறை. அதற்கு மருந்து, கூட்டைக் கலைப்பதல்ல. நம் புகை ஆய்வில் தலைமையும் தரவும் பினாங்கிலும் சுமத்ராவிலும் சமமாக இருக்கட்டும். எந்தக் கருவியால் அளப்பது என்பதை முதலில் பேசி முடிக்கட்டும்.